சங்கிலி அறையில் துரு வளர்ப்பது எப்படி?

செம்பனைத் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தில் இரும்புப் படகு வாங்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். மரப்படகும் ஃபைபர் படகும் நிற்கும் பாசிர் பெனாம்பாங்கில் அது எடுப்பாகத்தான் தெரியும். மேல்தட்டை நீங்களே துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது, அணியத்துக்குள் நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறையைப் பற்றி. இருட்டு, ஈரம், காற்றோட்டமில்லை, யாரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. துருவுக்கு இதைவிட நல்ல வீடு கோலசிலாங்கூரில் கிடைக்காது.

முதலில், சங்கிலியை நல்ல தண்ணீரில் அலசாமல் அப்படியே உள்ளே தள்ளுங்கள். ஆற்றுச் சேறும் கடல் உப்பும் சேர்ந்தே இறங்கட்டும். உப்பு காய்ந்துவிடுமே என்ற கவலை வேண்டாம், காற்றிலிருக்கும் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. தோட்டத்து உரக் கொட்டகையில் தகரம் சல்லடையானதைப் பார்த்தவர்தானே நீங்கள்? அங்கே பொட்டாசியம் குளோரைடு, இங்கே சோடியம் குளோரைடு. இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீர் வடியும் துளை சேற்றால் அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

அடுத்தது சாயம். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மேற்குக் கரையில் மழை கொட்டும் பருவத்தில் தொடங்குவது உத்தமம். துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் உப்புப் போகக் கழுவி, காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடிக்கச் சொல்வார் கடைக்காரர். அவருக்கென்ன, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் துருவின் மேலேயே அடியுங்கள். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சில மாதத்தில் சாயம் அப்பளமாய் உப்பும். விரலால் அழுத்தினால் உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வரும்.

விடிந்தும் விடியாமலும் வேலையை ஆரம்பியுங்கள், இரும்பு நன்றாக வியர்த்திருக்கும். காற்றின் ஈரம் நீராய்ப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது கூடுதல் சூட்டில் இருக்கவேண்டும் என்பது சாயக்காரர்களின் பொதுவிதி. விதிகள் எல்லாம் அலுவலகத்துக்கு. கூர் விளிம்பிலும் வெல்டிங் தையலிலும் சாயம் ஒட்டி நிற்காமல் மெலிந்துபோகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விளிம்பை அரத்தால் மழுக்கி, அங்கே மட்டும் பிரஷ்ஷால் முதலில் தனியாக ஒரு பூச்சு கொடுப்பார்கள். நமக்கெதற்கு? ரோலரை ஒரே இழுப்பு. இரண்டு டின் எபாக்சியையும் கண் அளவில் கலந்தால் போதும், பிசுபிசுவென்று எப்போதும் புதுசாகவே இருக்கும்.

இது மட்டும் விளையாட்டில்லை: அடைத்த அறையில் தின்னர் ஆவி ஆளைச் சாய்த்துவிடும். மூடியைத் திறந்து, காற்றை உள்ளே செலுத்த வழி செய்து, மேலே ஒருவரைக் காவலுக்கு நிறுத்தாமல் இறங்காதீர்கள்.

டில்லி இரும்புத்தூண் சாயமே இல்லாமல் 1,600 ஆண்டுகளாக நிற்கிறதே என்று மச்சான் யாராவது கேட்பார். அதில் பாஸ்பரஸ் அதிகம், தவிர அதை யாரும் சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் கட்டிவைக்கவில்லை.

கடைசிப் பூச்சுக்குச் செங்காவி நிறம் எடுங்கள். எது சாயம், எது துரு என்று உங்களுக்கே தெரியாது. படகை விற்கும்போது அது கைகொடுக்கும். வாங்க வருகிறவர் கையில் சுத்தியல் இருந்தால் மட்டும், படகு நேற்றே விலைபோய்விட்டது என்று சொல்லிவிடுங்கள்.