கொழும்புக்கு ஒரு மணி நேரமாம்!

பெறுநர்: மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி.

அனுப்புநர்: முத்தாலம்மன் திடலில் பஸ்ஸுக்கு நிற்கும் குடிமகன், வத்திராயிருப்பு, விருதுநகர் மாவட்டம்.

ஐயா,

மதுரையிலிருந்து கொழும்புக்கு வான்வழியே சுமார் 350 கிலோமீட்டர், பயண நேரம் ஒரு மணி என்கிறார்கள். கணக்கில் குற்றமில்லை. அந்த ஒரு மணி எங்கே தொடங்குகிறது என்பதே எங்கள் வழக்கு.

2012-இல் மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது கொழும்புக்குத்தான். எங்களுக்குச் சந்தோஷம். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள், வத்திராயிருப்புக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் கிட்டே. நூறு கிலோமீட்டர் மிச்சம்!

ஆனால் விடியுமுன் பஸ் பிடித்து, கிருஷ்ணன்கோவில் முக்கில் இறங்கி, மதுரை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அது ராஜபாளையத்திலேயே நிறைந்து வரும். சூட்கேஸைப் பார்த்ததுமே கண்டக்டர், "அண்ணாச்சி, லக்கேஜ் போடணும்" என்பார். திருமங்கலத்தில் இறங்கி ஆட்டோ. பிறகு, மூன்று மணி நேரம் முன்னதாகவே ஆஜராக வேண்டுமே! தாலி கட்ட ஒரு நிமிஷம், மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ராத்திரி. அந்தப் பக்கம் இறங்கினாலும் அது கொழும்பு அல்ல, கட்டுநாயக்க. ஊருக்குள் போக இன்னும் முப்பது கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் சென்னைக்கு ஆம்னி பஸ்ஸில் போகிற நேரம்தான்.

சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து ராமானுஜம் கப்பலேறி வந்த ஆச்சி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். "கப்பல்ல வந்தப்ப யாரும் நேரம் சொல்லல, நாங்களும் ஏமாறல" என்கிறார்.

உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தீர்கள். ஹவாய் செருப்பு போட்டவரும் விமானம் ஏறலாம் என்றார் பிரதமர். செருப்பு தயார். கிருஷ்ணன்கோவில் முக்கில் நின்றே தேய்கிறது.

இன்னொரு சந்தேகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது திடமா, திரவமா என்று மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் ஆகாது என்பது உங்கள் விதி. நன்றாகச் சுண்டியதற்குப் பயமில்லை. கொஞ்சம் இளகினது போய்ச் சேருமா, சோதனை மேசையிலேயே தங்குமா? பதம் பார்க்கத் தெரிந்த ஒருவரை அங்கே நியமிக்கலாம். எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

எங்கள் ஊரில் விமானம் இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை. பிளவக்கல் அணைக்கு மேலே 2021 முதல் புலிகள் காப்பகம், புலிகள் ஆட்சேபிக்கலாம். விமான நிலைய வாசல் வரை நேராக ஒரு பஸ் போதும். பஸ் எங்கள் துறை அல்ல, மாநில அரசைக் கேளுங்கள் என்பீர்கள். விமானம் எங்கள் துறை அல்ல, தில்லியைக் கேளுங்கள் என்பார்கள் அவர்கள். அப்படியானால், இந்த இரண்டு துறைகளுக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு என்றாவது தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
மேற்படி குடிமகன்