மல்லை மலை விளக்கு

கேள்வி: கலங்கரை விளக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? (ஒரு வாசகர், உத்திரமேரூர்)

பதில்: குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்க்காரரே, கடலில் மட்டும் நம்மவர்கள் இருட்டில் தடவினார்கள் என்று நினைக்கலாமா! காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டுங்கள். ஏணி வைத்தும் ஏறச் சிரமமான உயர்ந்த மாடம். அதில் இரவில் மூட்டிய தீ, கடலில் ஓடும் கப்பல்களைத் துறைக்கு அழைக்கிறது.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களும் முதலில் நம் கோயிலில்தான் விளக்கேற்றினார்கள். அங்குள்ள குன்றின் உச்சியில், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே நிற்கும் பல்லவர் கால ஒலக்கணேசுவரர் கோயில்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலங்கரை விளக்கமாக இருந்தது. பக்கத்துக் கருங்கல் விளக்குக் கோபுரம் பிறகு வந்தது. உப்புக்காற்று அரித்தும், அந்தக் கோயில் சுவரில் இராவணன் இன்னும் கயிலையைத் தூக்குகிறான். கோபுரம் ஏறப் போகிறவர்கள் அவனையும் பார்த்துவிட்டு வாருங்கள்.