மஞ்சப் பேனாவும் ரூத்தம்மா மரக்காலும்

வாலே, உக்காரு. கையில என்ன, புது பைபிளா? கறுப்புத் தோலட்டை, ஓரமெல்லாம் தங்க மினுக்கு. நாலு கலர் பேனா வேற. மஞ்சள் வாக்குத்தத்தத்துக்கு, பச்சை கட்டளைக்கு, ரோஸ் அன்புக்கு. நீலம் எதுக்குன்னு இன்னும் முடிவாகலையா? பரவாயில்ல. கோலப்போட்டிக்குப் புறப்பட்ட பிள்ளை மாதிரி ஜோராத்தான் இருக்கே.

நாசரேத்துப் பக்கம் நாப்பது வருஷம் கோயில்பிள்ளையா மணியடிச்சவன் நான். எத்தனையோ ஐயருமாரு வந்தாங்க, மாறிப் போனாங்க. பிரசங்க நேரத்துல கடைசித் தூண்ல சாஞ்சு நான் தூங்குன தூக்கத்துக்கு மட்டும் ஒரு மாத்தலும் வரல. அதனால கிழவனைப் பெரிய வேதபண்டிதன்னு நினைச்சிராதே.

உன் திட்டத்தை நானே சொல்லட்டா? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு, கேக்கைத் தின்னுட்டு, இந்த வருஷம் முழு வேதாகமத்தையும் முடிச்சிருவேன்னு சபதம். 66 புஸ்தகம், 1189 அதிகாரம். நாளைக்கு மூணு அதிகாரம்னு வச்சாலும் வருஷத்துக்குள்ள முடியாதுன்னு நீ கணக்குக்கூடப் போட்டிருக்க மாட்டே. ஆதியாகமம் ஓடும். ஏன் ஓடாது? அண்ணன் தம்பி சண்டை, சொத்துத் தகராறு, தங்கச்சியைக் காட்டி அக்காளை மாத்திக் கட்டி வைக்கிறது, எல்லாம் நம்மூர் சமாச்சாரந்தானே. யாத்திராகமமும் சிவந்த சமுத்திரம், மன்னான்னு பாதி தூரம் போயிரும். அப்புறம் கூடாரத்துப் பலகை பத்து முழம், பொன் கொக்கி அம்பதுன்னு வரும் பாரு, அங்க கொட்டாவி. ஜனவரி 31-ல லேவியராகமம். பலி, கொழுப்பு, குஷ்டம். பிப்ரவரி ரெண்டாந் தேதி பைபிள் அலமாரிக்குப் போகும். அது மேல கரண்ட் பில் அட்டை ஏறும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, வாக்குத்தத்த அட்டைக் கூட்டம். உங்க சித்தப்பனுக்குப் புது வருஷ வாக்குத்தத்தமா எரேமியா 29:11 வந்துது. உங்களைப் பத்தி நான் நல்ல நினைப்புத்தான் வச்சிருக்கேன்னு கர்த்தர் சொல்லுத வசனம். அதைச் சட்டம் போட்டு மாட்டிட்டு பிரமோஷனுக்குக் காத்திருந்தான். "லே, அதுக்கு முந்தின வசனம் என்ன?"ன்னு கேட்டேன். முழிச்சான். பத்தாம் வசனத்துல எழுபது வருஷம்னு கிடக்கு! பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டுபோனவங்களுக்கு எரேமியா எருசலேம்ல இருந்து எழுதுன கடுதாசி அது. வீட்டைக் கட்டுங்க, தோட்டம் போடுங்க, இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாதுன்னு விவரமாச் சொல்லுதாரு. உங்க சித்தப்பனுக்கு ரிட்டையர் ஆக ஆறு வருஷந்தான் இருக்கு.

வசனத்துக்கு நம்பர் போட்டது எரேமியாவும் இல்ல, பவுலும் இல்ல கேட்டியா. புதிய ஏற்பாட்டுல இப்ப இருக்கிற வசன எண்ணைப் போட்டது ராபர்ட் எஸ்டியேன்னு ஒரு அச்சுக்காரர், 1551-ல. தேடி எடுக்க ஒரு வசதி. சந்தையில கொய்யாப்பழத்தைக் கூறு கட்டி வைக்கிறான்லா, அது மாதிரி. நீங்க என்னடான்னா ஒவ்வொரு கூறும் தனித்தனி மரத்துல காய்ச்சதுன்னுல்லா நினைக்கியோ.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. பேனாவை இங்க கொடு, இந்தச் சின்னவ படம் வரையட்டும். ரூத் புஸ்தகத்தை எடு. நாலே அதிகாரம், 85 வசனம். வெத்தலையைப் போட்டுத் துப்புறதுக்குள்ள முடிஞ்சிரும். இன்னைக்கு ஒருக்கா, நாளைக்கு ஒருக்கா, வாரம் பூரா அதையே படி. வாய்விட்டுப் படி, உங்க ஆச்சிக்கும் கேக்கட்டும்.

முதல் தடவை கதையை மட்டும் பாரு. ரெண்டாந் தடவை யாரு யாருகிட்ட பேசுதான்னு பாரு. கல்யாணத்துல ஒரு வசனம் சொல்லுவாங்க, நீ போற இடத்துக்கெல்லாம் நானும் வருவேன்னு. பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொன்னதுன்னு நினைச்சு எல்லாரும் கண்ணைத் துடைப்பாங்க. அது மருமக மாமியாளுக்குச் சொன்னதுலே! மேடையில அதை விளக்கிச் சொன்னா பாதிப் பொண்ணுக மாலையைக் கழட்டி வச்சிருவாளுக.

மூணாந் தடவை, இடிக்கிற இடத்துல நில்லு. எனக்கு இடிச்சது அந்த மரக்கால். ரூத் விடிஞ்சதும் போய்க் கதிர் பொறுக்கி, சாயங்காலம் தட்டி எடுத்தா ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமைன்னு நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கு. வாற்கோதுமைன்னா வேற ஒண்ணுமில்ல, காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கிற பார்லிதான். மூலத்துல அந்த அளவுக்கு எப்பான்னு பேரு; 22 லிட்டர் கிட்ட வரும்னு படிச்சவங்க சொல்லுதாங்க. எங்க அம்மை அறுப்புக் காலத்துல வயக்காட்டுல குனிஞ்சா நிமிர மாட்டா. அப்படிப் பொறுக்கியும் மடியில ரெண்டு படி தாண்டாது. உதிரி பொறுக்குனவளுக்கு ஒரு மூட்டை எப்படிலே வந்துது?

திரும்ப மேல போனேன். கொஞ்சம் முன்னாலதான் கிடக்கு விடை. அரிக்கட்டுல இருந்து வேணும்னே கொஞ்சம் உருவிப் போடுங்க, அவளை அதட்டாதீங்கன்னு வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் வேலையாட்கள்ட்ட சொல்லி வச்சிருக்கான். பிச்சை போட்ட மாதிரி தெரியக் கூடாதாம், அவ பாடுபட்டுச் சேத்த மாதிரி இருக்கணுமாம். முப்பது தடவை அந்தக் கதையைக் கேட்டிருப்பேன், மரக்கால் கணக்கு உதைச்ச அன்னைக்குத்தான் அந்த மனுஷன் என் கண்ணுக்குத் தெரிஞ்சான். எங்க அம்மை பொறுக்குன வயலுக்குச் சொந்தக்காரரும் கோயில்ல முதல் வரிசையில இருந்தவருதான். அவரு களத்துல சிந்துனதைக்கூடக் கூட்டி அள்ளச் சொல்லுவாரு.

உதிரியை ஏழைக்கு விடணும்னு எங்க சொல்லியிருக்குன்னு ஓரத்துல இருக்கிற சின்ன எழுத்தைப் பிடிச்சுப் போனா, எங்க கொண்டு விடுது தெரியுமா? லேவியராகமம் 19. ஆமா, நீ கொட்டாவி விட்டு ஓடி வருவேன்னு சொன்னேனே, அதே லேவியராகமந்தான். வயலோரத்தைத் தீர அறுக்காதே, சிந்துன கதிரை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டிருன்னு அங்க சட்டம். ரூத் ரெண்டுந்தான், விதவை, அதுலயும் மோவாபுக்காரி. மோவாபியன் பத்துத் தலைமுறை ஆனாலும் சபைக்குள்ள வரக் கூடாதுன்னு உபாகமம் 23 சொல்லுது. இவ பேரனோ ஈசாய், ஈசாய் மகன் தாவீது ராஜா. மத்தேயு முதல் அதிகாரத்துல அவன் இவனைப் பெத்தான், இவன் அவனைப் பெத்தான்னு நீ தாண்டிப் போற பட்டியல்ல இவ பேரு உக்காந்திருக்கு. இப்ப போய் அந்தப் பட்டியலைத் தாண்டு பாப்போம்.

கீழ்க் குறிப்பையும் விளக்கவுரையையும் கடைசியா பாரு. பொண்ணைப் பாக்காமத் தரகன் வாயைப் பாத்துட்டு வீடு திரும்புறவனும் உண்டு. புரியாததை ஒரு நோட்டுல எழுதிவை, ஐயரைக் கேளு. காணிக்கை எண்ணுத நேரத்துல போய் நிக்காதே. தமிழ் கரடுமுரடா இருந்தா பொதுமொழிபெயர்ப்பையும் பக்கத்துல வச்சுக்கோ. அதுல ஆதியாகமத்துக்குப் பேரு தொடக்கநூல், பயந்துராதே. அடுத்து மாற்கு, 16 அதிகாரத்தையும் ஒரே மூச்சுல. ஒரு சினிமா பாக்குற நேரங்கூட ஆகாது. அப்புறம் பிலேமோன், 25 வசனக் கடுதாசி.

என்ன, ஸ்டடி பைபிள் வாங்குனாத்தான் ஆரம்பிக்க முடியுமா? 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்குன மிஷனெரி சீகன்பால்குக்கு உன் வயசுதான் இருக்கும். சின்னப் பிள்ளைகளோட பள்ளிக்கூடத்துல உக்காந்து மணல்ல விரலை வச்சு அ, ஆ எழுதித் தமிழ் படிச்சாரு. 1715-ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி வந்துட்டு. துரை மணல்ல உக்காந்தாரு; உனக்கு ரோஸ் பேனா வேணும்.

சரி, எந்திரி. அடுத்த ஞாயிறு வா, ஒரே ஒரு கேள்வி கேப்பேன். நாலாம் அதிகாரத்துல போவாஸை விடக் கிட்டத்துச் சொந்தக்காரன் ஒருத்தன் வருவான். வயலை வாங்கிக்கிடுதேன்னு முதல்ல குதிச்சிட்டு, ரூத்தையும் சேத்துக் கட்டணும்னதும் செருப்பைக் கழட்டிக் கொடுத்துட்டு நழுவுவானே, அவன். அவன் பேரு என்ன? செல்லுல தேடாம, புஸ்தகத்துல படிச்சு வந்து பேரைச் சொல்லிட்டேன்னு வையி, அந்தச் செவலைச் சேவலை உனக்கு அடிச்சுக் குழம்பு வைக்கச் சொல்லுதேன்.

ஏட்டி சின்னவளே, நீ ஏன் சிரிக்கே? சேவலைப் பிடிச்சுக் கூட்டுல அடை, போ.