மைத்துனர் சொன்ன பல்பு

கேள்வி: என் பழைய காரின் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. கடைக்காரர் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்; மைத்துனரோ எல்.இ.டி. என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், பெரம்பலூர்)

பதில்: இருவரையும் சற்றுக் காக்க வையுங்கள். முதலில் ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்கள். பேச்சுக்குத்தான் கண்ணாடி, அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மஞ்சளித்திருக்கும். கண்ணில் புரையை வைத்துக்கொண்டு டியூப்லைட்டை மாற்றி என்ன பயன்? பாலிஷ் போடுங்கள்.

கடைக்காரர் சொல்லும் கணக்கைப் பார்த்தால், உங்களுடையது எச்4 ஹாலஜன்: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் 100 வாட்டைச் செருகினால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயர் சுடும், ஹோல்டர் உருகும். ரிலேயும் தடித்த ஒயரும் போட்டால் ஒயர் பிழைத்துக்கொள்ளும். பல்பின் சூட்டில் ரிஃப்ளெக்டரின் ஆயுசுக்கு யார் ஜாமீன்?

மைத்துனர் விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. அந்த ரிஃப்ளெக்டர், ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி.யின் ஒளி சற்று விலகிப் புறப்பட்டாலும் சாலையை விட்டுவிட்டு எதிரே வரும் லாரி டிரைவரின் முகத்தில் அடிக்கும். அவருக்குக் கண் கூசினால் ஆபத்து உங்களுக்கு!

அதே 60/55 வாட்டில், கூடுதல் வெளிச்சம் தரும் நல்ல கம்பெனி ஹாலஜன் வாங்குங்கள். ஆயுசு குறைவு. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றி, லைட்டின் உயரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். மைத்துனரிடம் எல்.இ.டி. போட்டாச்சு என்று சொல்லிவிடலாம்.