சிரா முதிர நிழல் வேண்டும்

சிரா ஒயினை இளசாகக் குடிப்பதா, முதிரவிட்டா? பிரான்சில் ரோன் ஆற்றங்கரை எர்மிடாஜ் சிரா என்றால் பத்து, இருபது வருடம் பொறுக்கச் சொல்கிறார்கள். அப்போதுதான் துவர்ப்பு அடங்கி, தோல், புகை, இறைச்சி வாசமெல்லாம் எழும்புமாம். (சுட்ட கருவாட்டில் ஐந்து நிமிடத்தில் வரும் புகைக்கு இவ்வளவு தவமா என்று பழவேற்காட்டில் கேட்பார்கள்.) அதே திராட்சையில் நாசிக்கில் செய்யும் ஷிராஸ் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் காலி செய்யவேண்டிய சரக்கு.

முதிர வேண்டுமானால் பாட்டில் 12, 13 டிகிரியில், இருட்டில், ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பொன்னேரிப் பக்கம் மே மாதம் 40 டிகிரி. கரண்ட் போனால் மனிதனே முதிர்ந்துவிடுகிறான். 1613-இல் பக்கத்துப் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களிலும் இங்கே நெடுங்காலம் படுத்திருப்பவர்கள் கல்லறையில்தான் இருக்கிறார்கள்.

நம் பனங்கள்ளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. காலையில் இறக்கினால் பொழுது சாய்வதற்குள் குடிக்க வேண்டும், விட்டால் காடி. அதற்கும் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்.

ஆகவே ஷிராஸ் கிடைத்தால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, இந்த வருடமே முடித்துவிடுங்கள். மீன் குழம்போடு மட்டும் வேண்டாம். வாயில் இரும்பு ருசி தட்டும்.