நரி யாரை மணந்தது? பள்ளிப்பட்டு வட்டார வெயிலோர்–மழையோர் பூசல்: ஓர் ஆய்வு

இயல் ஒன்று: ஆய்வுப் பொருளும் எல்லையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை உரசிக்கொண்டிருக்கும் பள்ளிப்பட்டில் மாந்தர் இரு வகையினர் என்ப. ஒரு சாரார் வெயிலோர், மறு சாரார் மழையோர். இவர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே வானத்தை அண்ணாந்து பார்த்து, எதிரெதிர் முடிவுக்கு வந்து, ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்துவிட்டுக் கலைவர் (பெஞ்சுக் காரிகை, ஆடுகிற கால் பக்கம்).

பூசலின் வேர் பத்திரிகைச் செய்தியில் இருக்கிறது. கோடை வந்தால் “திருத்தணியில் வெயில் சதம்” என்று போடுகிறார்கள். மழைக்காலம் வந்தால் மழையளவுப் பட்டியலில் பள்ளிப்பட்டின் பெயர் வருகிறது. வெயிலின் புகழ் மலைக்கோயில் ஊருக்கும், மழையின் புகழ் எல்லை ஊருக்கும் என்று யாரோ பாகம் பிரித்துவிட்டார்கள். பள்ளிப்பட்டு வெயிலோர்க்கு இதில் தீராத மனக்குறை உண்டு. தாங்கள் பட்ட வெயிலை அடுத்த ஊர் வரவு வைத்துக்கொள்வதாக அவர்கள் நம்புகின்றனர்.

‘சதம்’ என்பது 100 டிகிரி பாரன்ஹீட். நாடு செல்சியஸுக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தமிழ் நாளிதழ்கள் இதை மட்டும் விடவில்லை. காரணம் எளிது. செல்சியஸில் சொன்னால் 37.8, அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். செல்சியஸிலேயே சதம் அடிக்கும் நாளில் செய்தி போட ஆள் இருக்காது.

மழையின் கணக்கு இதைவிடக் கறாரானது. காலை 8.30 மணிக்கு அளவுக் கலத்தைப் பார்ப்பார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது சேர்ந்திருந்தால்தான் வானிலைத் துறைக்கு அது ‘மழை நாள்’. 2.4 பெய்து மாடியில் காயும் கூழ்வடகம் கரைந்து ஓடினாலும் அன்று மழை நாளன்று. வடகத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

இயல் இரண்டு: முந்தைய ஆய்வுகள்

இல்லை. (இல்லை என்று எழுதிவிட்டால் தேடிப் படிக்கும் வேலை மிச்சம். இம்முறையை இவ்வாய்வாளன் தன் பேராசிரியரிடம் கற்றான்; அவர் தம் பேராசிரியரிடம் கற்றார்.)

இயல் மூன்று: வகைப்பாடு

செங்கல் சூளையார்: வெயிலோர்.

பள்ளி மாணவர்: மழையோர், கலெக்டர் விடுமுறை அறிவிக்கும் வரை.

மாந்தோப்புக்காரர்: பூக்கும்போது வெயிலோர், பிஞ்சு நிற்கும்போது காற்றுக்கு எதிரி, விற்கும்போது வியாபாரிக்கு எதிரி.

குடை வியாபாரி: கட்சி சாராதவர்.

நெசவாளர்: இங்கேதான் வகைப்பாடு உடைகிறது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் தறிச் சத்தத்தில் விடிகிற ஊர்கள். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றித் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழையோடு இழை ஒட்டாமல் நீவிவிட்டுக் காய வைக்கும் காலையில் நெசவாளர் வெயிலோருள் வெயிலோர். அந்த நேரத்தில் நாலு தூறல் விழுந்தால் தெருவே கூச்சல் போடும். பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடும் வீட்டில் பாட்டியும் பேரனும்கூட ஆளுக்கொரு முனை பிடிப்பார்கள். காய்ந்த பாவு தறியில் ஏறியதும் அதே மனிதர் கட்சி மாறுகிறார். வறண்ட காற்றில் பருத்தி இழை முறுக்கிக்கொண்டு படபடவென்று அறும். காற்றில் ஈரம் இருந்தால்தான் ஓட்டம் சீராக இருக்கும். பஞ்சாலைகளில் காற்றுக்கு ஈரம் ஏற்றும் இயந்திரம் வைப்பதும், இங்கிலாந்தில் லங்காஷயரின் நசநசத்த தட்பவெப்பம் பருத்தித் தொழிலுக்கு ஏற்றது என்று சொல்வதும் இதனால்தான். ஆக, தறியில் உட்கார்ந்தவர் மழையோர். அவருடையது குழித்தறியாக இருந்து, மழை ஒரு பிடி பிடித்துக் குழியில் நீர் ஊறினால், மீண்டும் வெயிலோர். ஒருவரே ஒரு நாளில் இருமுறை கட்சி மாறலாம், கட்சித் தாவல் தடைச் சட்டம் தறிக்குழி வரை செல்லாது (நாடா நன்னூல், இழை அறுந்த சூத்திரம் 7, அதற்கு மேலத்தெரு உரையும், அதை மறுத்துக் கீழத்தெருவில் சுண்ணாம்பால் எழுதிய உரையும் காண்க).

இதிலிருந்து ஒன்று தெளிவு. இவ்வூரார் வேண்டுவது வெயிலும் அன்று, மழையும் அன்று. வெயில் பாவின் மேல் அடிக்க வேண்டும், தலையில் கூடாது. மழை ஏரியில் பெய்ய வேண்டும், தெருவில் கூடாது. பூசல் பருவத்தைப் பற்றியதன்று, விலாசத்தைப் பற்றியது. இதை ஒரு வரியில் சொல்லி இவ்வாய்வை முடித்திருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகங்கள் பக்கத்துக்குத்தான் பட்டம் தருகின்றன.

இயல் நான்கு: வெளியூர் மழையோர்

பள்ளிப்பட்டு மழையோர்க்குச் சென்னையில் ஒரு கிளை உண்டு. இரவு இரண்டு மணிக்கு ரேடார் படத்தைக் கைப்பேசியில் விரித்து, சிவப்புப் புள்ளி ஒன்று சித்தூர்ப் பக்கத்திலிருந்து நகர்வதைக் கண்டு உள்ளம் பூரிப்பவர் இவர். இவருடைய ஆர்வத்துக்குக் காரணம் உண்டு. கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் வெள்ளம் வரும், கொசஸ்தலை ஆறு பெருகித் தரைப்பாலங்கள் மூழ்கும், கிராமங்கள் துண்டாகும். 2021 நவம்பரிலும் அதுதான் நடந்தது. அதே நீர் பூண்டி நீர்த்தேக்கம் போய்ச் சென்னைக்குக் குடிநீராகும். இங்கே முழங்கால் நனைந்தால் அங்கே குழாய் நனையும்.

கோடையில் கணக்கு இன்னும் அநியாயம். பகல் முழுக்கத் திருத்தணி, பள்ளிப்பட்டுத் தரை கொதிக்கிறது. கடற்காற்று மாலையில் உள்ளே ஏறி வந்து தரைக் காற்றை முட்டுகிறது. சூடான ஈரக்காற்று மேலெழுந்து, மேகம் கோபுரமாக எழுந்து, இடி இடிக்கிறது. மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று அந்த மேகத்தை அப்படியே கிழக்கே தள்ளிக்கொண்டு போய்ச் சென்னையில் இறக்குகிறது. வெயில் உற்பத்தி இங்கே, மழை விற்பனை அங்கே. வெயிலோர் இல்லையேல் மழையோர் இல்லை என்பது இதனால் பெறப்படும். இரு சாராரிடமும் சொன்னபோது இரு சாராரும் ஏற்கவில்லை.

வானிலை மையத்தின் அறிக்கை இப்பூசலைத் தீர்க்குமா எனின், தீர்க்காது. “ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்” என்பதில் அந்த ‘ஓரிரு’ எது? கால்வாசி நிலையங்கள் வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள், பாதி வரை சில இடங்கள், அதற்கு மேல் பல, பெரும்பாலான என்று துறை தெளிவாகவே வகுத்திருக்கிறது. பெஞ்சு உரையாசிரியர் கொள்ளும் பொருள் வேறு: ‘நம்ம ஊர் நீங்கலாக.’

இயல் ஐந்து: இலக்கியச் சான்று

மழையோர் திருக்குறளைக் கையில் எடுப்பர். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான் சிறப்பு. வெயில் சிறப்பு என்று ஓர் அதிகாரம் இல்லை. வெயிலோர் சிலப்பதிகாரத்தைத் திறப்பர். அதன் வாழ்த்தில் திங்களுக்கு அடுத்து ஞாயிறு, அதற்குப் பின்தான் மழை. வரிசையே சான்று என்க. இரு நூலையும் முழுக்கப் படித்தவர் இரு கட்சியிலும் இல்லை. ஆதலால் வாதம் ஆரோக்கியமாக நடைபெறுகிறது.

திருத்தணி மலைப்படிகளைச் சான்றாகக் கொண்டு எழுந்ததே படிக்கணக்குக் கோட்பாடு. படிகள் 365, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக. அப்படியானால் மே 4 முதல் 28 வரையான அக்கினி நட்சத்திரம் எந்தப் படியில் இருக்கிறது? ஜனவரிக் கொள்கையினர் 124 முதல் 148 வரை என்பர். டிசம்பர் 31 அன்று படித்திருவிழா நடப்பதை ஆதாரம் காட்டுவர். சித்திரைக் கொள்கையினர் 21 முதல் 45 வரை என்பர். யுகாதிக் கொள்கையினர் பாடு திண்டாட்டம். அப்பண்டிகை ஆண்டுதோறும் தேதி மாறுவதால் அவர்கள் கணக்கில் படிக்கட்டே நகர்ந்தாக வேண்டும். லீப் ஆண்டின் 366ஆம் நாளுக்கு எங்கே நிற்பது என்று கேட்டபோது, செருப்பு விடும் இடத்தில் என்றார் ஒரு பெரியவர். வெறுங்காலோடு உச்சி வேளையில் ஏறியவர்களோ எல்லாப் படியும் அக்கினி நட்சத்திரமே என்கின்றனர். இவர்கள் களப்பணி செய்தவர்கள் என்பதால் இவர்கள் கருத்து தள்ளப்பட்டது.

இயல் ஆறு: நரி

வெயிலும் மழையும் சேர்ந்தடித்தால் என்ன ஆகும்? இரு கட்சிக்கும் பொதுவான அந்தச் சில நிமிடங்களை ஆராயாத ஆய்வு ஆய்வாகாது. தமிழர் அதைக் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்பர். தெலுங்கர் நாய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்பர். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பள்ளிப்பட்டில் வெயில்மழை அடித்தால் நரி யாரை மணக்கிறது?

இது விளையாட்டன்று, ஆள்வரைச் சிக்கல். 1911இல் இவ்வட்டாரத்தையும் உள்ளடக்கிச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அதனோடு போனது. எல்லைப் போராட்டம் நடந்து, படாஸ்கர் தீர்ப்பின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் தமிழகத்துக்குத் திரும்பியது. மலைகளைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் அன்று பேசியவர்கள் நரியை மறந்தார்கள். 1953க்கும் 1960க்கும் இடையில் பெய்த வெயில்மழைகளில் நரி நாயை மணந்தது முறையே. பின்னர் காக்காயை மணந்ததும் முறையே. ஆனால் முதல் மணம் ரத்தானதா? சென்னை மாகாணம் 1949லேயே இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது; 1955இன் இந்து திருமணச் சட்டமும் அதையே சொல்கிறது. எல்லைக்கு இந்தப்புறம் ஒரு குடும்பம், அந்தப்புறம் ஒரு குடும்பம் வைத்திருப்பது நரி மட்டுமன்று என்பது சிலரது அடக்கமான வாதம். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

இனி, நரி மணமகனா மணமகளா? நரிமகன் கொள்கைக்குக் கோழிக்கூண்டுச் செப்பேடு (கோழி இல்லாத பக்கம்) துணை நிற்கிறது. நரிமகள் கொள்கையினர் காட்டுவது ‘நரிமணப் பரணி’: அதன் கிடைக்காமல் போன 600 தாழிசைகள், அவற்றுக்கு ஒருவர் எழுதித் தாமே கிழித்துப் போட்ட உரை, கிழிந்த உரைக்கு வேர்க்கடலை மடித்த தாளில் அகப்பட்ட பாயிரம், அப்பாயிரத்தில் எண்ணெய் படாத இரண்டரை வரி, அந்த அரை வரிக்கு அச்சகத்தார் சேர்த்த பிழைதிருத்தம், அப்பிழைதிருத்தத்தில் உள்ள பிழை. கிடைக்காத நூலைக் கொண்டு நிறுவிய கருத்தை எவராலும் மறுக்க முடியாது. தமிழ் நூல்களின் காலத்தைக் கணித்தவர்களில் இந்தத் தூணில் சாயாதவர் குறைவு.

இவ்வளவும் கற்பனை என்று நகைப்போர் ஒன்றை அறிக. வங்காளத்தில் இதே வேளையில் நரிக்குக் கல்யாணம். சிங்களரிடமும் நரிக்குக் கல்யாணம். ஜப்பானிலும் நரியே மணமகள். கொரியாவில் நரி புலியின் வீட்டுக்கு வாழ்க்கைப்படுகிறது. மட்டி கூசி என்ற பின்லாந்து நாட்டார் வழக்காற்று அறிஞர், வெயிலில் பெய்யும் மழையைப் பற்றி உலக மக்கள் சொல்லும் இந்த ஒரே தொடரை மட்டும் ஆராய்ந்து ஜெர்மனில் தனி நூலே எழுதி, 1957இல் ஹெல்சிங்கியில் வெளியிட்டார். இக்கட்டுரையில் காட்டிய நூல்களில் நம்ப முடியாதது அது; குறளையும் சிலம்பையும் தவிர்த்தால் உண்மையானதும் அது ஒன்றே. அவருக்கு நரி விஷயத்தில் ஒரு பெரும் வசதி இருந்தது: பள்ளிப்பட்டில் வாய்வழித் தேர்வுக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வாய்வாளனின் வாய்வழித் தேர்வில் ஒரு தேர்வாளர் காக்காயின் சம்மதம் பெறப்பட்டதா என்று கேட்டார். மற்றவர், அவருக்கு எதிரி என்பதால், நாயின் தரப்பை எடுத்துக்கொண்டார். இருவரும் டீ இடைவேளை வரை வாதிட்டனர், ஆய்வேட்டின் பக்கம் யாரும் திரும்பவில்லை, பட்டம் கிடைத்தது.

மேலாய்வுக்காக இருமாநிலக் கருத்தரங்கு ஒன்று பள்ளிப்பட்டில், கொசஸ்தலை ஆற்றங்கரைத் திறந்தவெளியில் திட்டமிடப்பட்டுள்ளது. பயணப்படி, பொன்னாடை, மதியச் சாப்பாடு உண்டு. அன்று மழை வந்தால் கருத்தரங்கு ஒத்திவைக்கப்படும். வெயில் அடித்தால் ஏசி மண்டபத்துக்கு மாற்றப்படும். இரண்டும் சேர்ந்தடித்தால் மொய் எழுத ஒருவர் எல்லையில் நிற்பார்.