பசுவுக்கு எடைக்கு எடை

கேள்வி: போர்ப் படம் என்றாலே குண்டும் புகையும்தானா? சிப்பாயின் அன்றாடத்தைக் காட்டும் படம் உண்டா?

பதில்: 2010-இல் வந்த 'ரெஸ்ட்ரெப்போ' ஆவணப்படத்தைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானின் கொரங்கல் பள்ளத்தாக்கில், மலைமேல் ஓர் அமெரிக்கக் காவல் அரண். சண்டையில் பலியான மருத்துவ உதவியாளர் ரெஸ்ட்ரெப்போவின் பெயரையே அதற்கு வைத்தார்கள் சக வீரர்கள். இயக்குநர்கள் செபாஸ்டியன் யுங்கரும் டிம் ஹெதரிங்டனும் கேமராவோடு அங்கே தங்கிப் படம்பிடித்தார்கள்.

குழாய்த் தண்ணீர் கிடையாது. வீரர்கள் மண்ணை வெட்டி மூட்டை கட்டுகிறார்கள், பாட்டைப் போட்டு ஆடுகிறார்கள், சுடுகிறார்கள். கம்பிவேலியில் சிக்கிய பசு ஒன்றைக் கொன்றுவிட, ஊர்ப் பெரியவர்கள் நஷ்டஈடு கேட்டு வந்து நிற்கிறார்கள். பணம் தர முடியாது, எடைக்கு எடை அரிசியும் பீன்ஸும் தருகிறோம் என்கிறது ராணுவம்! அந்தப் போர் ஏன் ஊராரின் மனதை வெல்லவில்லை என்பதற்கு அந்த ஒரு காட்சியே போதும்.

படம் வந்த ஆண்டிலேயே அமெரிக்கப் படை கொரங்கலைக் காலி செய்தது. ஹெதரிங்டன் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ரட்டா நகரில், போரைப் படம்பிடிக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார்.